நான் கூப்பிட்டால் எழாத லைன்

“அம்மா, வினபடுதோந்தா?”

“கேக்குது சார்.”

“அயிதே ஓகே. கம்ப்ளெய்ண்ட் க்ளோஸ்.”

“சார், இருங்க சார், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

டொக்கென்று வைத்துவிட்டார்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் டெலிபோன் பூத்தில், ரிசீவரைக் கையில் பிடித்தபடி நான் நின்ற அந்தக் காலையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. வெளியே மாங்காய் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சீசன் உச்சத்தில் இருந்ததால் ஊர் முழுக்கப் பழுத்த வாடை. மாம்பழக்கூழ் ஃபாக்டரிப் பக்கமிருந்து வந்த ஈக்கள் என் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்தன.

சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு. எக்ஸ்சேஞ்சுக்காரர் கூப்பிட்டபோது அது பளிச்சென்று எரிந்தது. அவர் வைத்தார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டரிலிருந்து நான் கூப்பிட்டுப் பார்த்தேன். விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. எரியவே இல்லை.

போன வாரம் எங்கள் பூத்துக்கு முதல் கம்ப்யூட்டர் ஆட்டோவில் வந்து இறங்கிய கதையை எழுதியிருந்தேன். “அந்தக் காலமே தனி” என்று உருகி வாசகர்கள் சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். உருகியது போதும், சாமிகளா. இந்த வாரம் நான் கோபமாக இருக்கிறேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று பெயர் போட வேண்டாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்து சொல்லிவிட்டார். போடவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும், அது போதும்.

மூன்று, நாலு, ஏழு

அப்போது செல்போன் என்பது பணக்காரர்கள் இடுப்பில் தொங்கும் சாமான். எங்களைப் போன்றவர்களுக்கு பூத்துதான். எங்கள் பக்கத்து ஜனங்கள் குவைத், துபாய் என்று கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் இல்லை, ஆனால் வீட்டுக்கு ஒரு போன் நம்பர் இருந்தது. அந்த நம்பர் பெரும்பாலும் எங்கள் பூத் நம்பர்.

என் அண்ணன் குவைத்துக்குப் போனது அதற்கும் வெகுகாலம் முன்னால். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அம்மாவும் நானும் போஸ்டாபீஸ் வாசலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்போம். கடைசியில் லைன் கிடைக்கும்போது அம்மாவுக்கு அழுகைதான் வரும், பேச்சு வராது. அண்ணன் அந்தப் பக்கம் “அம்மா, பேசும்மா, பேசும்மா” என்று கத்துவான். நேரம் முடிந்துவிடும். பூத் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அங்கேதான். நம் ஜனங்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அழுது முடித்துப் பேச ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தேன்.

அதனால்தான் ஐ.எஸ்.டி.என் என்ற புது வகை லைன் வந்தபோது, இருந்த ஒரே பழைய லைனைக் கொடுத்துவிட்டு, நான் முதல் ஆளாக மனு போட்டேன். ஒரே கம்பியில் இரண்டு பேச்சு போகும். கம்ப்யூட்டரில் கேமராவை மாட்டினால் பேசுகிறவர் முகமும் தெரியும். விட்டு விட்டுத்தான் தெரியும், ஆளே பொம்மலாட்டம் ஆடுவது போல இருக்கும். ஆனாலும் துபாயில் இருக்கும் மாப்பிள்ளை முகத்தைச் சித்தூரில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் சும்மாவா?

லைனைப் பொருத்த சென்னையிலிருந்து வந்த ஆள் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய போன் லைன் எப்போதும் விழித்திருக்கும். இது அப்படியில்லை. வேலை இல்லாதபோது தூங்கிவிடும். கம்ப்யூட்டரின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம், அதில் எஃப் மூணு என்று காட்டினால் தூங்குகிறது. நாம் கூப்பிட்டதும் எஃப் நாலு என்று மாறும். நாம் தட்டிவிட்டோம், அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று அர்த்தம். பதில் வந்ததும் நடுவில் இரண்டு படி தாண்டி எஃப் ஏழுக்குப் போய்விடும். ஏழு என்றால் முழு விழிப்பு, இனி பேசலாம். நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் கண் சிமிட்டும் நேரம்தான் ஆகும் என்றார்.

எங்கள் லைன் மாதக்கணக்கில் நாலில் நின்றது.

விசித்திரம் என்னவென்றால், வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் சட்டென்று ஏழுக்குப் போய்விடும். பேச்சு தெளிவாக இருக்கும். நாங்கள் கூப்பிட்டால் மட்டும் நாலு, நாலு, நாலு.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்குமே. புகார் கொடுத்தால் எக்ஸ்சேஞ்சில் என்ன செய்வார்கள்? அங்கிருந்து எனக்குப் போன் போட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் போட்டால் லைன் எழுந்துவிடும். “வினபடுதோந்தா?” என்பார்கள். கேட்கிறதா என்றால் கேட்கிறதுதான்! கேட்கிறது என்று நான் சொன்னதும் புகாரை முடித்துவிடுவார்கள். வாடிக்கையாளர் வாயால் ‘ஓகே’ வாங்கினால்தான் புகார் முடியும் என்பது அவர்கள் முறை. நல்ல முறைதான். என் விஷயத்தில் அவர்கள் சோதித்துப் பார்ப்பதே வியாதியை மறைத்துவிடுகிறது, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

‘கேக்கல’ என்று சொன்ன நாள்

சொல்லாமல் இல்லை. நாக்கில் ஈரம் வற்றச் சொன்னேன். தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் சொன்னேன். சித்தூர் எக்ஸ்சேஞ்சில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருந்தார். சத்தமாகப் பேசமாட்டார், சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

“நேனு சேஸ்தே வஸ்துந்தி கதம்மா?” என்பார். நான் கூப்பிட்டால் வருகிறதே அம்மா என்கிறார்!

“நீங்க கூப்ட்டா வருது சார். நான் கூப்ட்டா வரல. நான் பூத் வெச்சிக்கினு இருக்கறது ஜனங்க கூப்பிடறதுக்கு. நீங்க என்னைக் கூப்பிடறதுக்கா?”

சிரிப்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் எனக்கு யோசனை வந்தது. ஓகே சொன்னால்தானே முடிப்பீர்கள்? இருங்கள் என்று காத்திருந்தேன். போன் அடித்தது.

“அம்மா, வினபடுதோந்தா?”

“இல்ல சார். கேக்கல.”

“வினபடகபோதே எலா ஜவாபு செப்தாரம்மா?”

கேட்காவிட்டால் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டது நியாயம்தான். “என்னமோ தெரியல சார், நீங்க இன்னா கேக்கறீங்கன்னே கேக்கல” என்றேன் வீம்பாக. அந்தப் பக்கம் அலுவலகமே சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. புகார் அன்றைக்கும் முடிந்தது. எனக்கு ஊரில் ‘கேக்கல அம்மா’ என்று பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம். எங்கள் வீட்டுக்காரர்கூட, “அம்சா, சோறு போடு” என்று சொல்லிவிட்டு “கேக்குதா?” என்பார். அவரை வேறு நான் திட்ட வேண்டியிருந்தது.

தேவகி

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் தேவகி வந்தாள்.

தேவகி எங்கள் தெருமுனையில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நகரிக்காரப் பெண். அவள் அப்பா முனிரத்தினம் அங்கே விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவர் நகரி பூத்திலிருந்து கூப்பிடுவார், இவள் வந்து பேசுவாள். அதிகம் பேசமாட்டாள். “துன்னியா நைனா? மாத்திரை போட்டியா?” என்பதோடு முடிந்துவிடும்.

அன்று வந்தவள் பேசப் போகவில்லை. பூத்தில் ஆள் காலியாகும்வரை ஓரமாக நின்றாள்.

“அக்கா, உங்க படம் தெரியற லைன் நல்லா இருக்குதா?”

எனக்குச் சுருக்கென்றது. “ஏம்மா?”

விஷயம் இதுதான். இங்கிலாந்திலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு பேர் ஆள் எடுக்கச் சென்னைக்கு வருகிறார்கள். ஒரே ஒரு நாள் இருப்பார்கள். ஏஜென்சி இவள் மனுவை எடுத்துக்கொண்டது. நேரில் வர முடியாதவர்கள் வீடியோவில் பேசலாம் என்றார்கள். இவளால் சென்னைக்குப் போக முடியாது. லீவு கேட்டால் எதற்கு என்பார்கள். வெளிநாட்டுக்கு மனு போட்டவள் என்று மூச்சு வெளியே வந்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு முன்னால் அப்படி இரண்டு பெண்களை நிறுத்தியிருந்தார்கள். உன் ஆஸ்பத்திரியை விட்டு ஒருத்தி நல்ல இடத்துக்குப் போனால் உன் அப்பன் வீட்டுச் சொத்தா கரைந்துவிடும் என்று நான் அந்த முதலாளியைக் கேட்க நினைத்தேன். தேவகிக்காக வாயை மூடிக்கொண்டேன்.

“மத்தியான சாப்பாட்டு நேரத்துல ஓடியாந்து பேசிட்டு ஓடிடுவேங்கா. ஏஜென்சிக்கு நாமதான் கூப்பிடணுமாம்.”

“அவங்க கூப்பிடக் கூடாதாமா?”

“கூப்பிட மாட்டாங்களாம். டைமுக்குத் திரையில வரலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்களாம்.”

நானே வேறொரு பூத்துக்குப் போய் ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். ஒரே ஒரு முறை, அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும், நீங்கள் இங்கே கூப்பிடுங்களேன் என்றேன். “கேண்டிடேட்தான் மேடம் கனெக்ட் பண்ணணும், அதுதான் ரூல்” என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல். வேலை கேட்கிறவள்தான் கதவைத் தட்ட வேண்டுமாம். தட்டினால் திறக்காத கதவை என் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் என்ன செய்வேன்?

கீழ்த்திருப்பதியில் ஒரு முறையீடு

மறுநாளே திருப்பதிக்கு பஸ் ஏறினேன். சித்தூர் அதிகாரிக்கு மேலதிகாரி அங்கே இருந்தார். பஸ் நிறைய மொட்டைத் தலைகளும் மஞ்சள் துணி முடிச்சுகளும். ஊர் உலகமே மலையேறிப் போய்த் தன் குறையைச் சொல்கிற ஊர் அது. நான் கீழேயே இறங்கி, ஒரு அலுவலக மாடியேறிச் சொல்லப் போனேன்.

பெஞ்சில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் உள்ளே விட்டார்கள். மேலதிகாரி மரியாதையான மனுஷர். நன்றாகத் தமிழ் பேசினார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார்.

“வேலை இல்லாத நேரத்துல லைன் தூங்கறது ஃபால்ட் இல்லம்மா. அது அப்டித்தான் டிசைன்.”

“தூங்கட்டும் சார். நான் வேணாங்கல. எழுப்பினா எழணும் இல்ல?”

“எழுந்துக்குதே. எங்க டெஸ்ட்ல எழுந்துக்குதுன்னு ரிப்போர்ட் இருக்கு.”

“நீங்க எழுப்பினா எழுந்துக்குது. நான் எழுப்பினா எழல. அதான் சார் நான் ஊர்லேர்ந்து வந்து சொல்லிக்கினு இருக்கறது!”

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைகளில் தலைகள் நிமிர்ந்தன. அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க பக்கத்துலேர்ந்து வர்ற சிக்னலை எங்க எக்ஸ்சேஞ்சு கார்டு எடுக்கலேன்னு நீங்க சொல்றீங்க. இருக்கலாம். கார்டு மாத்தணும்னா ஹைதராபாத்துக்கு எழுதணும். எழுதறதுக்கு ஃபால்ட்னு இருக்கணும். எங்க டெஸ்ட்ல ஃபால்ட்டே வரலியே.”

சிரிப்பதா, அழுவதா? அந்த மனுஷருக்கு நான் சொன்னது புரிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். புரியாதவரிடம் போராடலாம். புரிந்துகொண்டு, தலையை ஆட்டி, “கஷ்டம்தான்” என்று சொல்லி அனுப்புகிறவரிடம் என்ன செய்ய முடியும்? ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது சார் என்றேன். பேர் சொல்லவில்லை. “ட்ரை பண்றோம்மா” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் லட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

பாகாலா தாண்டும்போது ஒரு யோசனை வந்தது. வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டு, அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்வரை லைன் விழித்துத்தானே இருக்கும்? ஒரே கம்பியில் இரண்டு பேச்சு போகுமே. ஒன்றில் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு, இன்னொன்றில் நாம் கூப்பிட்டால்?

பூத்துக்குப் போனதும் வீட்டுக்காரரை எதிர்க்கடைக்கு அனுப்பி என் நம்பருக்குப் போடச் சொன்னேன். எடுத்து, வைக்காமல், கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டேன். கட்டத்தில் ஏழு, ஏழு, ஏழு! அந்தப் பக்கம் மணி அடித்தது. நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் பயந்துபோய் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

நகரியிலிருந்து ஒரு குரல்

அன்றைக்கு யார் கூப்பிட்டு லைனைப் பிடித்துக்கொண்டிருப்பது? என் வீட்டுக்காரருக்கு சீசன் வேலை, ஃபாக்டரியை விட்டு நகர முடியாது. அக்கம்பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் விஷயம் ஆஸ்பத்திரிக்கு எட்டிவிடும்.

“நைனாவ போட சொல்றேங்கா” என்றாள் தேவகி.

“நீ போறதுல அவருக்கு சம்மதமா?”

“இல்ல.” கொஞ்ச நேரம் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு வாரமா எங்கிட்ட சரியா பேசல. ஆனா போடுவாரு.”

எனக்குத் திக்கென்றது. போகாதே என்கிற மனுஷர் கையிலா இதைக் கொடுப்பது? வேறு வழியும் இல்லை.

அந்த நாள் வந்தது. மத்தியானம். பூத் கதவைச் சாத்தி ‘சாப்பாட்டு இடைவேளை’ என்று அட்டையை மாட்டினேன். தேவகி பின்வாசல் வழியாக ஓடிவந்தாள். நர்ஸ் உடுப்பின் மேல் ஒரு சேலையைச் சுற்றியிருந்தாள். அதை அவிழ்த்துவிட்டு கேமரா முன்னால் உட்கார்ந்தாள். நெற்றி வியர்வையை நான்தான் துடைத்துவிட்டேன்.

போன் அடித்தது. எடுத்தேன். சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

“அம்மா, நான் முனிரத்தினம். நகரி பூத்துலேர்ந்து.”

“வணக்கம்ணா. அப்டியே வெச்சிக்கினு இருங்க. நான் சொல்றவரைக்கும் வெக்காதீங்க.”

கம்ப்யூட்டரில் கூப்பிட்டேன். ஏழு, ஏழு, ஏழு. திரையில் சென்னை தெரிந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாளும் ஒரு வெள்ளைக்கார ஐயாவும் கட்டம் கட்டமாக அசைந்தார்கள். தேவகி எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரே பயம் நடுவில் அறுந்துபோவதுதான். அடிக்கடி அப்படி ஆகும். அறுந்தால் மறுபடி நாம்தான் கூப்பிட வேண்டும். நகரி லைன் இருந்தால் உடனே கூப்பிடலாம். இல்லாவிட்டால் நாலில் நின்றுவிடும், தேவகிக்கு அடுத்த பெண் வந்துவிடுவாள்.

காதில் முனிரத்தினம் பேசிக்கொண்டே இருந்தார்.

“நான் பேசிக்கினே இருக்கணும்னு தேவகி சொல்லிச்சி. நிறுத்தினா லைன் தூங்கிடுமாமே.”

“பேச வேணாம்ணா, வெக்காம இருந்தா போதும்” என்று கிசுகிசுத்தேன்.

“இல்லம்மா, எதுக்கு வம்பு? பேசிக்கினே இருக்கறேன். காலையிலேர்ந்து இங்க கரண்ட் இல்ல. தறி நின்னுபோச்சி. தறி நின்னா ஊரே செவுடான மாதிரி கீது...”

தறியில் பாவு நூல் அறுந்த கதை சொன்னார். முதலாளி வீட்டு மருமகன் புதுத்தறி வாங்கிய கதை சொன்னார். இந்தப் பக்கம் தேவகி, ரத்தம் நிற்காத நோயாளியை என்ன செய்வேன் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் நடுங்கிய குரல் மெல்ல மெல்ல நிதானமானது. வெள்ளைக்கார அம்மாள் தலையாட்டினாள்.

“அவங்க அம்மா போனப்ப இது சின்னப் பொண்ணும்மா” என்றார் முனிரத்தினம். “எனக்கு சோறாக்கத் தெரியாது. உப்பு இருந்தாலும் துன்னும், உப்பு இல்லன்னாலும் துன்னும். ஒரு நாளு ஒரு வார்த்தை சொன்னதில்ல. நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா நானும் கத்துக்கினு இருப்பேன்.”

பதில் சொல்ல முடியாது. கேமராவில் சத்தம் போய்விடும்.

“அந்த ஊர்ல அதுக்கு ஒடம்புக்கு முடியலன்னா யாரு பாப்பாங்க? எல்லாரையும் இது பாத்துக்கும். இத்த யாரு பாப்பாங்க?”

பிறகு, நிதானமாக, கேட்டார்.

“அம்மா, நான் இப்ப இத்த வெச்சிட்டா இன்னா ஆவும்?”

அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்தது. சென்னை போய்விட்டது. தேவகி திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் உயிர் இல்லை.

இனி கிசுகிசுக்கத் தேவையில்லை. “அண்ணா! அங்க அறுந்துபோச்சி. நீங்க வெச்சா உங்க பொண்ணால திரும்ப கூப்பிட முடியாது. எல்லாம் முடிஞ்சிடும். உங்க கையிலதான் கீது” என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏமாற்றி ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

நான் சுவரில் இருந்த விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

“வெக்கல” என்றார். குரல் உடைந்திருந்தது. “வெக்கலம்மா. நீ போடு. நான் பேசிக்கினே இருக்கறேன். இன்னா பேசறது... இங்க செவுத்துல எழுதிக்கீது. எஸ்.டி.டி. ஐ.எஸ்.டி. ஜெராக்ஸ் எடுக்கப்படும். எச்சில் துப்பாதீர். எஸ்.டி.டி. ஐ.எஸ்.டி. ஜெராக்ஸ் எடுக்கப்படும்...”

பேச விஷயம் தீர்ந்துபோய், அந்த மனுஷர் பூத் சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். நிறுத்தினால் தூங்கிவிடும் என்று பயம். நான் எண்களை அழுத்தினேன். ஏழு, ஏழு, ஏழு.

திரையில் வெள்ளைக்கார அம்மாள் மறுபடி வந்தாள். கடைசியாக ஒரு கேள்வி என்றாள். இவ்வளவு தூரம் வர உங்கள் வீட்டில் சம்மதமா?

தேவகி பொய் சொல்லத் தெரியாத பெண். என் கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தாள். அதிலிருந்து “எச்சில் துப்பாதீர்” என்று சன்னமாகக் கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

“என் அப்பா லைன்லதான் இருக்கார்” என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அவர்களுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார்கள்.

ஓகே

தேவகிக்கு வேலை கிடைத்தது. அவள் விமானம் ஏறிய கதை, அந்த ஆஸ்பத்திரி முதலாளியை நான் நடுத்தெருவில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்ட கதை எல்லாம் இருக்கட்டும். இன்றைக்கும் அங்கிருந்து அவள் எனக்குப் பேசும்போது சிரிப்பாள். “நைனாவுக்குப் போட்டா மூச்சு விடாம பேசறாருக்கா. நாந்தான் வெக்கணும். அவரா வெக்கவே மாட்டேங்கறாரு.” இப்போது அவர் கையில் செல்போன் இருக்கிறது. எந்த லைனும் தூங்காது என்று எத்தனை சொன்னாலும் அவர் நம்புவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நேர்காணலுக்கு மறுநாள் காலையைப் பற்றி. போன் அடித்தது. சித்தூர் எக்ஸ்சேஞ்சின் சிரித்த முகக்காரர்.

“அம்மா, நின்ன மீ லைன் பாக பனி சேசிந்தி கதா? ரெக்கார்டுலோ உந்தி.” நேற்று என் லைன் அருமையாக வேலை செய்திருக்கிறதாம். அவர்கள் பதிவிலேயே இருக்கிறதாம். “ஓகே அனண்டி, க்ளோஸ் சேஸ்தானு.” ஓகே சொல்லுங்கள், முடித்துவிடுகிறேன் என்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “சார், உங்க லைன் வேலை செய்யல. நகரியில ஒரு மனுஷன் தன் ஒரே பொண்ணைத் தூர தேசத்துக்கு அனுப்ப, தொண்டைத் தண்ணி வத்தப் பேசி, அதை எழுப்பி வெச்சாரு. அவரு பேசினாரு, உங்க கார்டு பேசல. இதை உங்க ரெக்கார்டுல எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?”

“அதந்தா எந்துகம்மா? ஓகே அண்டே சாலு.”

அதெல்லாம் எதற்கு, ஓகே என்றால் போதும் என்கிறார்.

“சொல்ல மாட்டேன்” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் வைப்பதற்கு முன்னால் நான் வைத்தேன்.

அதன் பிறகும் விடாமல் கூப்பிட்டார்கள். ஆள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். கெஞ்சினார்கள், வருஷக் கணக்கு முடிக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் பிராட்பேண்ட் வந்தது, ஐ.எஸ்.டி.என்னை யாரும் சீண்டவில்லை. லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் வந்து அந்த வெள்ளைப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று தயங்கினார்.

“அம்மா, உங்க பழைய கம்ப்ளெய்ண்ட் ஒண்ணு இன்னும் ஓபன்லயே கீதாம். ஆபீஸ்ல கேக்கச் சொன்னாங்க. ஓகேதானே?”

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். ஓகே மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.